சிவப்பு விளிம்புச் சைவ நூல்

அத்தியாயம் 4

"உள்ள வரலாம்" என்று கன்னையா சொல்வதற்குள் வந்தவர் உள்ளே வந்து, நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டி, உட்கார்ந்தும்விட்டார். அரசாங்க சேவையில் பெரிய நாற்காலியில் இருந்தவர்கள் அனுமதி கேட்பதில்லை, கொடுத்துத்தான் பழக்கம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது கன்னையாவின் அலுவலகம். 'கன்னையா துப்பறியும் நிலையம் – இரகசியம் காக்கப்படும்' என்று வாசலில் பலகை. பலகை ரயில் பாலத்திலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரியது. ஆகவே அந்த மாடிப்படியில் யார் ஏறினாலும் அவருக்கு ஓர் இரகசியம் இருக்கிறது என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

கன்னையா வந்தவரை உற்றுப் பார்த்தான். வழக்கம்போல மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினான். தேடியது அகப்படவில்லை. முகம் சற்றுக் கோணியது. இழுப்பறையை மூடிவிட்டுக் கண்களை இடுக்கினான்.

"நீங்க ஒரு ஆசிரியர். விரல்ல சாக்பீஸ் பொடி ஒட்டியிருக்கு."

"அது திருநீறு, பாஸ்," என்றாள் அவன் உதவியாளர் லெட்சுமி, தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் திருப்பாமல். "கோயிலுக்குப் போயிட்டு வராரு. சாரைத் தெரியலையா? கழகத் தலைவர் பாலசுந்தரம் அங்கிள் லா."

பாலசுந்தரத்தைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி, கலைக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலாக, லண்டன் குதிரைக்காரர். ஐம்பத்தேழில் பயிற்சிக்காக லண்டன் போயிருந்தபோது ஒரு பிரபுவின் மாளிகையில் போக்கர் ஆடினாராம். பிரபு எல்லாவற்றையும் தோற்றுக் கடைசியில் தன் குதிரையையே வைத்துத் தோற்றாராம். 'குதிரையைக் கப்பலிலை ஏத்த ஏலாது எண்டு திருப்பிக் குடுத்திட்டன்' என்று பாலசுந்தரம் கதையை முடிப்பார். கல்யாண வீடுகளில் அந்தக் குதிரை கறுப்பு. சாவு நடந்து எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு வீடுகளில் வெள்ளை.

"தம்பி," என்றார் பாலசுந்தரம், "என்ரை புத்தகம் ஒண்டு களவு போட்டுது."

"என்ன புத்தகம்?"

"சைவ நூல். காக்கி உறை போட்டு, மேலை 'சைவ நெறி விளக்கம்' எண்டு என்ரை கையாலை எழுதி ஒட்டினனான். சனிக்கிழமைக்கு முன்னம் அது எனக்கு வேணும்."

"சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"காலமை விஜயதசமி விழா. பின்னேரம் கிள்ளான் கழகத்தோடை போக்கர் போட்டி. காசு கீசு இல்லை, கேடயத்துக்குத்தான். எங்கடை அணிக்கு நான்தான் தலைவர்."

நாற்பது வருடமாக இரண்டு ஊர்க் கழகங்களும் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம்தான் ஆடி வந்தன. இந்த வருடம் கிள்ளான்காரர்களுக்கு என்ன வந்ததோ, 'உங்கள் தலைவர் பிரபுவையே வென்றவராயிற்றே, போக்கரே ஆடுவோம்' என்று அறைகூவல் விட்டுவிட்டார்கள்.

லெட்சுமி இப்போதுதான் திரும்பினாள். "சைவ நூல் படிக்காம சீட்டு ஆட வராதா அங்கிள்?"

"பிள்ளை," என்றார் அவர், ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, "மன அமைதிக்கு."

"வீட்டுல கேட்டுப் பார்த்தீங்களா?"

"மனுசியிட்டையோ?" அவர் குரல் ஒரு படி இறங்கியது. "அவவுக்கு இது தெரியவே கூடாது."

அவர் போனதும் கன்னையா எழுந்து சன்னலோரம் நின்றான். "லெட்சுமி, இது கிள்ளான்காரன் வேலை. எதிரியோட மன அமைதியக் குலைக்கிறான். அந்தக் கழகத் தலைவர் சிவசம்புதான் நம்ம முதல் சந்தேகம்."

"பாஸ், ஒரு சைவ நூல் தொலைஞ்சா மனுசன் பொண்டாட்டிகிட்டத்தான் மொதல்ல கேப்பான். இவரு மாடிப்படி ஏறி, ஊரே பாக்க, நம்மகிட்ட வராரு. அது சைவமா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"பின்ன என்ன, அசைவமா?"

"ஆன்டியப் பாப்போம் வாங்க."

*

காப்புறுதி முகவர் போல வேடம் போட்டுப் போவதென்று கன்னையா முடிவு செய்தான். டை கட்டி, கைப்பெட்டி பிடித்து, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். பாலசுந்தரத்தை வரவழைத்துத் தெருமுனையில் அவருடைய டாட்சன் காருக்குள் உட்காரவைத்துவிட்டு, இருவரும் போய் அழைப்பு மணியை அழுத்தினார்கள்.

கதவைத் திறந்த பாலசுந்தரத்தின் மனைவி கனகேஸ்வரி ஒரே பார்வையில், "பலகை போட்டிருக்கிற கன்னையாத் தம்பிதானே? உள்ளுக்கு வாங்கோ. இந்த வெய்யிலுக்கை ஏன் டை?" என்றார்.

கன்னையா டையைத் தளர்த்திக்கொண்டான்.

தேநீர் வந்தது. லெட்சுமி முறுக்கை உடைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள். "அங்கிள் எப்படி இருக்காரு ஆன்டி? ரொம்ப அமைதியாயிட்டாருன்னு வெளிய பேசிக்கிறாங்க."

"அதை ஏன் பிள்ளை கேக்கிறாய்? ரெண்டு மாசமா நிலைக்கண்ணாடிக்கு முன்னாலை கதிரையைப் போட்டு அசையாமல் இருக்கிறார். சிரிப்பில்லை, கோவமில்லை. நேற்றுக் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனன். ஒரு முகச்சுளிப்பு? ம்ஹும்! கந்தையாண்ணை வந்து பார்த்திட்டு, தலைவர் மோன நிலை அடைஞ்சிட்டார் எண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்."

கந்தையா கழகத்தின் செயலாளர்.

"வேற எதுவும் மாத்தம் இருக்கா?"

"குசினியிலை சாமான் குறையுது. பச்சைப்பயறு கொஞ்சம், கொண்டைக்கடலை கொஞ்சம், புளியங்கொட்டை. தோய்க்கப் போட்ட சேர்ட்டுப் பையிலை மூண்டும் கிடக்கு. பிறகு, வீட்டுக்குள்ளை கறுப்புக் கண்ணாடி போடுறார்."

கன்னையா உற்சாகமானான். "கண்ணு நோய்! நாட்டு மருந்து! பயறு அரைச்சு—"

லெட்சுமி அவன் வாயருகே ஒரு முறுக்கை நீட்டினாள். "ஆன்டி, அங்கிள் ஒரு காக்கி உறை போட்ட புத்தகம் வச்சிருந்தாரே?"

"அதோ? நான்தானே எடுத்துக் குடுத்தனான்."

கன்னையாவின் கைப்பெட்டி மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"கழகத்து ஆக்கள் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் சேர்த்தவை. அவரவர் ஆகக் கூடப் படிக்கிற புத்தகத்தைத்தான் அம்மன் முன்னாலை வைக்கவேணும் எண்டு இந்த முறை ஒரு ஒழுங்கு. இவர் ரெண்டு மாசமாக் கைவிடாமல் படிச்சது அதைத்தானே? அவர் குளிக்கேக்கை எடுத்துக் குடுத்திட்டன். என்னட்டை அவர் கேக்கவே இல்லையே."

அந்த வீட்டில் அவர் கேட்க முடியாத ஒரே ஆளிடம்தான் விடை இருந்தது. கேட்டிருந்தால், 'அப்படி என்ன புத்தகம்?' என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

*

தெருமுனையில் டாட்சன் கொதித்துக்கொண்டிருந்தது. லெட்சுமி முன்னிருக்கையில் ஏறி, கனகேஸ்வரியிடம் வாங்கி வந்த மூன்று விதைகளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காரின் முகப்பில் வரிசையாக வைத்தாள். ஒரு பச்சைப்பயறு. ஒரு கொண்டைக்கடலை. ஒரு புளியங்கொட்டை.

"சீட்டாட்டத்துல பந்தயம் வைக்கிற காய்க்குப் பதிலா இதெல்லாம். இது சின்னக் காய். இது நடுக் காய். இது பெரிய காய். தனியா உக்காந்து போக்கர் பழகுறீங்க. கண்ணாடி முன்னால முகத்தக் கல்லாக்கப் பழகுறீங்க, கண்ணு காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு கறுப்புக் கண்ணாடி போடுறீங்க. சைவ நூல் இல்ல, போக்கர் போட்டியில ஜெயிக்கறது எப்படின்னு சொல்லித்தர்ற புத்தகம். சரிதானே அங்கிள்?"

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றான் கன்னையா.

பாலசுந்தரம் முகத்தைக் கல்லாகவே வைத்திருந்தார். இரண்டு மாதப் பயிற்சி வீண் போகவில்லை. ஆனால் காது இரண்டும் மெல்லச் சிவந்தன. காதுகளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"பெட்டாலிங் ஜெயாவிலை ஒரு புத்தகக் கடையிலை வாங்கினனான்," என்றார் கடைசியில். "மருமகனுக்கு எண்டு சொல்லி."

"பிரபுவையே ஜெயிச்சவருக்கு எதுக்குப் புத்தகம்?" கன்னையா கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

பாலசுந்தரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு இளஞ்சிவப்பு மினி பஸ் ஆட்களைப் பிதுக்கிக்கொண்டு போயிற்று.

"பிரபுவும் இல்லை, குதிரையும் இல்லை தம்பி. லண்டனிலை நான் சீட்டைத் தொட்டதே இல்லை. வேலை முடிஞ்சால் அறை. அறைக்குள்ளை ஹீட்டர். அதுக்குச் சில்லறை போட்டால்தான் சூடு வரும். போட்டுக்கொண்டு இருந்து அழுவன். திரும்பி வந்து இறங்கின உடனை கழகத்திலை மாலை போட்டுக் கேட்டினம், லண்டனிலை என்ன செய்தனீர் எண்டு. குளிரிலை அழுதனான் எண்டு மாலையோடை நிண்டு சொல்லலாமோ?"

 லெட்சுமி முகப்பிலிருந்த காய்களைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டாள்.

"புத்தகம் கழகத்துல அம்மன் முன்னால இருக்கு அங்கிள். எவ்வளவு படிச்சிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முதல் சுற்றுகளிலை வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும், நல்ல கை, அதாவது நல்ல சீட்டுகள், வராட்டில் எறிஞ்சுபோட்டு இருக்கவேணும். அது படிச்சிட்டன். போகப் போகக் கட்டாயம் வைக்கவேண்டிய காய் ஏறும், அப்ப காத்திருந்தால் காய் கரைஞ்சுபோம், துணிஞ்சு இறங்கவேணும். அதுவும் படிச்சிட்டன். கடைசியிலை சில பேர் மிஞ்சேக்கை என்ன செய்யிறது எண்டது கடைசி அத்தியாயம். அதுக்கு முன்னம் புத்தகத்தைக் காணேல்லை." அவர் கைக்குட்டையை எடுத்தார். "சனிக்கிழமை நான் பிழையாய் ஒரு சீட்டைப் போட்டால், குதிரை செத்துது தம்பி. முப்பது வருசம் வளர்த்த குதிரை."

*

கழக மண்டபத்தின் மேடையில் வெள்ளைத் துணி விரித்து அம்மன் படம். முன்னால் புத்தகங்கள் படிப்படியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. காவலுக்குச் செயலாளர் கந்தையா. சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு புத்தகத்த மட்டும்..." என்று கன்னையா தொடங்கினான்.

"விஜயதசமி வரைக்கும் ஏட்டைத் தொடப்படாது. தலைவரே வந்தாலும் தொடப்படாது. சனிக்கிழமை காலமை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கையிலை குடுப்பம். அவரவர் தங்கடை புத்தகத்திலை ரெண்டு வரி சபைக்கு வாசிக்கவேணும். அதுதான் ஒழுங்கு."

"யாரு போட்ட ஒழுங்கு?"

"தலைவர் போட்டது."

தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட தலைவரை நினைத்துக் கன்னையா பெருமூச்சு விட்டான். தொடத்தானே கூடாது, பார்க்கலாம் அல்லவா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்கைச் சுற்றி வந்தான். இடது மூலைப் பக்கம் போகும்போதெல்லாம் லெட்சுமி ஏனோ குறுக்கே வந்து நின்றாள்.

"பாஸ், அந்த மூலைய விடுங்க. நடு வரிசையப் பாருங்க. அங்கிளோட புத்தகத்தோட விளிம்பு என்ன கலரு?"

"சிவப்பு. தாளோட ஓரத்துக்கு சாயம் பூசியிருக்கு."

"அதுக்குப் பக்கத்துல?"

'திருநீற்றின் பெருமை – கந்தையா'. காக்கி உறை. சிவப்பு விளிம்பு. அதே உயரம், அதே தடிமன். அதன் பக்கத்தில் 'பக்தி மாலை – சிவசம்பு, கிள்ளான்'. கூட்டு விழா என்பதால் கிள்ளான் தலைவரும் அனுப்பியிருந்தார். சிவப்பு விளிம்பு. மேல் படியில் பொருளாளருடையது. அதற்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. தலைப்புகள் ஐந்து. உயரம் ஒன்று, பருமன் ஒன்று, சிவப்பு ஒன்று.

கன்னையா திரும்பிக் கந்தையாவைப் பார்த்தான். கந்தையாவின் முகம் கல்லாக இருந்தது. குழம்பில் உப்பில்லை என்றாலும் அசையாத முகம்.

வெளியே வந்ததும் லெட்சுமி பொதுத் தொலைபேசியிலிருந்து பெட்டாலிங் ஜெயாப் புத்தகக் கடைக்குப் பேசினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியை வைத்தாள். "அந்தப் புத்தகம் அஞ்சே அஞ்சு வந்துச்சாம் பாஸ். அஞ்சும் வித்துப்போச்சாம். வாங்கினது அஞ்சு அங்கிள். அஞ்சு பேருக்கும் மருமகன் இருக்கானாம்."

"அப்போ கிள்ளான் சிவசம்புவுக்கும் போக்கர் தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. இவரு பெரிய ஆட்டக்காரர்னு அவங்க பயந்து படிக்கிறாங்க. அவங்க பெரிய ஆளுங்கன்னு இவரு பயந்து படிக்கிறாரு."

"இத அவருகிட்ட சொல்லிட்டா அவரோட வெக்கம் பாதி போயிடுமே!"

"மத்த நாலு பேரோட இரகசியத்த எப்படி பாஸ் சொல்லுவீங்க?" லெட்சுமி அண்ணாந்து பாலத்துக்கு அப்பால் கையைக் காட்டினாள். பலகை அங்கிருந்தும் தெளிவாகத் தெரிந்தது.

*

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே நடைபாதை. சிறப்புப் பேச்சாளர் பொன்னாடையோடு மேடையில் இருந்தார். தீபாராதனை முடிந்ததும் கந்தையா ஒலிவாங்கியைத் தட்டினார்.

"முதலாவதாக, எங்கள் தலைவர்."

பாலசுந்தரம் மேடையேறினார். புத்தகம் கைக்கு வந்தது. எவ்வளவு தேடிய புத்தகம்! அதை இப்போது தீயைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். திறந்தார். முதலில் அகப்பட்ட பக்கத்தில் இஸ்பேட் ராணியின் படம். அவசரமாகப் பக்கத்தைத் தள்ளினார். அடுத்த பக்கத்தில் எப்போதோ அவரே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருந்த ஒரு வரி. வேறு வழியில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் ஓதினார்:

"வெறுங்கையோடு நெடுநேரம் அமர்ந்திருப்பவனை எல்லோரும் அறிவர். அவர்கள் அறிவர் என்பதை... அவன் மட்டும் அறியான்."

 சபை 'ஆகா' என்றது.

பாலசுந்தரத்துக்கு அந்த 'ஆகா' காதில் விழவில்லை. கோடு இழுத்தபோது புரியாத வரி இப்போதுதான் புரிந்தது. கறுப்புக் குதிரையையும் வெள்ளைக் குதிரையையும் ஒரே ஆட்கள்தானே கேட்டிருக்கிறார்கள்? ஒருவர்கூட ஏன் ஒரு தடவையாவது, 'அதென்ன நிறம் மாறுது?' என்று கேட்கவில்லை?

அடுத்தவர் கிள்ளான் சிவசம்பு. பருத்த மனிதர், பட்டு வேட்டி. தலைவர் வாசித்ததைக் கேட்ட கணத்திலேயே அவர் கழுத்து விறைத்திருந்தது. புத்தகத்தை வாங்கி விறுவிறுவென்று தாள்களைத் தள்ளி, சரியான பக்கத்தைப் பிடித்தார். பாலசுந்தரத்தின் கண்ணையே பார்த்துக்கொண்டு வாசித்தார்:

"அறிந்தவனோ, அறிந்ததாகக் காட்டிக்கொள்ளான்."

அதே பக்கம். அடுத்த வரி.

மூன்றாவதாகக் கந்தையா.  "ஏனெனில் அவன் கையும் வெறுங்கையே" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினார். பொருளாளரும் தலைமையாசிரியரும் அந்தப் பத்தியை ஆளுக்கு ஒரு வரியாக முடித்துவைத்தார்கள்.

சிறப்புப் பேச்சாளர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "சபையோரே! ஐந்து பெரியவர்கள், ஐந்து வேறு வேறு நூல்கள், ஒரே உண்மை! சைவத்தின் ஒருமைப்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஐந்து பேரும் ஐந்து சிவப்பு விளிம்புகளைக் கைகளால் மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பாராமல் அமர்ந்திருந்தார்கள். முகங்கள் கல். காதுகள் பத்தும் புத்தக விளிம்பின் நிறம்.

நடைபாதைக்கு அந்தப் பக்கத்து முதல் நாற்காலியிலிருந்து கனகேஸ்வரி மெல்லச் சாய்ந்தார்.

"பின்னேரம் அந்த லண்டன் கதையைச் சொல்லாதையுங்கோ."

"ஏன்?" என்றார் பாலசுந்தரம், உதடு அசையாமல்.

"எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"எப்ப... எப்ப இருந்து?"

"கல்யாணம் முடிச்ச வருசத்திலை இருந்து. நீங்கள் ஆட்டுக்கே பயம். குதிரைக்கு எங்கை கிட்டப் போறது?"

அவர் கல்முகத்தில் முதல் விரிசல் விழுந்தது.  மிகவும் தாழ்ந்த குரலில், "கடைசி அத்தியாயம் நான் படிக்கேல்லை" என்றார்.

"நான் படிச்சிட்டன், குடுக்க முன்னம். ரெண்டே பக்கம். தோத்தால் சிரிச்சுக்கொண்டு எழும்பி, வெண்டவனுக்குக் கை குடுக்கவேணுமாம். அவ்வளவுதான்."

பின்வரிசையில் கன்னையா லெட்சுமியிடம் கிசுகிசுத்தான். "பாவம் லா. பெரிய மனுசனா ஆனா இதான் கஷ்டம். புத்தகத்தப் பாத்துக் கத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல."

"ஆமா பாஸ்," என்றாள் லெட்சுமி. அவள் குரலில் ஏதோ ஒரு மென்மை இருந்தது. அது கன்னையாவுக்குப் பிடிக்கவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்ததாக, எங்கள் வட்டாரத்து அலுவலகங்கள் தந்த நூல்கள். 'குற்றவியல் சட்ட விளக்கம்'. துப்பறிவாளர் கன்னையா!"

அன்று துழாவியும் அகப்படாதது இப்போது கன்னையாவுக்கு அகப்பட்டது. இழுப்பறை. காக்கி உறை. இடது மூலை.

"நீ... நீயா குடுத்தே?"

"ஆகக் கூடப் படிக்கிற புத்தகம்னுதான் கேட்டாங்க," என்றாள் லெட்சுமி. "மூஞ்சிய அசைக்காதீங்க பாஸ். போங்க."

நடைபாதை இவ்வளவு நீளமென்று அவனுக்கு இதற்கு முன் தெரியாது. கந்தையா புத்தகத்தைக் கையில் வைத்தார். உறைக்குள்ளே இருப்பது சட்டம் அல்ல, 'தபால் வழித் துப்பறியும் கலை' என்பது அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். திறந்தான். அதிகம் திறந்து பழகிய இடத்திலேயே புத்தகம் தானாகத் திறந்தது. முதல் பாடம். முதல் வரி. ஏதாவது மாற்றிச் சொல்லலாமா என்று பார்த்தான். வாய் பழகிய வரியையே சொன்னது:

"வந்தவரின் விரல்களைக் கவனி. வெள்ளைப் பொடி இருந்தால், அவர் ஆசிரியர்."

சபை குழம்பியது. சிறப்புப் பேச்சாளர் இதில் சைவத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மேல்கூரையை நோக்கினார்.

முன்வரிசையில் பாலசுந்தரம் தம் வலது கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். திருநீறு. மேடையில் நிற்பவனைப் பார்த்தார். அவன் காதுகளைப் பார்த்தார்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் முழுவதும் அசைந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, மேடைப் படிகளில் ஏறி, எல்லோரும் பார்க்கக் கன்னையாவுக்குக் கை கொடுத்தார்.